ஜன்னலில் தொங்கிய மூதாதை

அரியூர் மெயின் ரோட்டில் கில்பர்ட் கர்ட்டன்ஸ் என்ற கடையை நடத்தும் கில்பர்ட்டுக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு மூதாதை கிடைத்தார். அதுவரை அவருக்கு ஒரு அப்பாவும் ஒரு தாத்தாவும் இருந்தார்கள், அவ்வளவுதான். அப்பா அந்தோணிசாமி கரும்பு வெட்டியவர். தாத்தா அதே வயலில் கரும்பு நட்டவர். தாத்தாவுக்கு அப்பா யார் என்று கேட்டால் கில்பர்ட் கூரையைப் பார்ப்பார். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்குக் கூரையைத்தான் பார்ப்பார்கள். மீதிப் பேர் பொய் சொல்வார்கள்.

கில்பர்ட் வில்லியனூரில் ஒரு ஜாக்கெட் தையல்காரரிடம் தொழில் தொடங்கி, பிறகு புதுச்சேரி டவுனில் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு துணிக்கடையில் கர்ட்டன் தைக்கக் கற்றார். அங்கே அவருக்கு ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல் கிடைத்தது. கர்ட்டனுக்கு ‘ரிதோ’ என்று பெயர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருடமாகப் பிரெஞ்சு பேசி வருகிறார். மருத்துவக் கல்லூரி வந்து, டாக்டர்கள் அரியூர்ப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியதும் சொந்தக் கடை போட்டார். டாக்டர் வீட்டம்மாக்களிடம், “ரிதோ போட்டாதான் மேடம் ஜன்னலுக்கு ஒரு மரியாதை,” என்பார். அந்த அம்மாக்கள் அதை ஏதோ புது ரகத் துணி என்று நினைத்து வாங்கிப்போனார்கள்.

ஆனால் தொழிலில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு அகலத் துணியை ஒன்றாகச் சேர்க்கும்போது, இந்தத் துணியில் பாதியாக நிற்கும் பூ அந்தத் துணியில் இருக்கும் தன் மறுபாதியோடு சரியாகப் போய்ப் பொருந்த வேண்டும். அதற்காக ஒரு முழத் துணியை வீணாக்கவும் அவர் தயங்கமாட்டார். வில்லியனூரிலிருந்து மடுகரை வரை அப்படிச் சேர்க்கத் தெரிந்த கை வேறு கிடையாது. ஒரே படம் அச்சில் மீண்டும் மீண்டும் வருவதை அவரைப்போல அறிந்தவர் யாருமில்லை என்பதை இங்கே சொல்லி வைப்பது அவசியம். ஏனென்றால் அவர் செய்த தப்பை இந்த ஒன்றைக்கூட அறியாத ஒருவன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

மூதாதை வந்தது ஒரு சாம்பிள் புத்தகத்தில். டவுனில் ஒரு கம்பெனி புதிதாக வீட்டு அலங்காரத் துணி அச்சடித்து விற்கத் தொடங்கியிருந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரலாறு எழுதியிருந்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் பூ வரைந்த பருத்தித் துணி ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் பிரான்சுக்குப் போனது. அங்கே எல்லோரும் அதையே உடுத்தத் தொடங்கினார்கள். அந்த நாட்டு நெசவாளர்கள் கூச்சலிட்டார்கள். எழுபது வருடத்துக்கு மேல் அரசாங்கம் அதைத் தடைசெய்து வைத்தது. தடை நீங்கியதும் ழூயி என்ற ஊரில் அவர்களே அச்சடித்தார்கள். வெளிர்த் துணியில் ஒரே நிறத்தில் ஆடு மேய்க்கும் பெண், ஊஞ்சல், இடிந்த தூண் என்று சின்னச் சின்னக் காட்சிகள். இப்போது இந்தக் கம்பெனிக்காரர்கள் ஆட்டையும் தூணையும் எடுத்துவிட்டு, அதே பாணியில் நம் ஊர்க் காட்சிகளைப் போட்டு நம்மிடமே விற்கிறார்கள். இங்கிருந்து போன துணி இவ்வளவு காலம் கழித்துத் திரும்பியிருக்கிறது. வழியில் வளர்ந்தது விலை மட்டும்தான்.

கில்பர்ட்டைப் பிடித்துக்கொண்ட துணி கிரீம் நிறத்தில் நீலக் கோடுகளால் ஆனது. ஒரு தென்னை. அதனடியில் பெரிய பாவாடையும் விசிறியுமாக நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. அவளுக்குப் பின்னால் நின்று குடை பிடிக்கும் ஒரு தலைப்பாகைக்காரர். தள்ளி ஒரு பாய்மரக் கப்பல். காலடியில் ஒரு நாய். இவ்வளவும் முடிந்து இரண்டடி கீழே மறுபடி அதே தென்னை, அதே சீமாட்டி, அதே நாய். அந்தத் தலைப்பாகைக்காரரின் மூக்கு நடுவில் மேடு தட்டி, நுனியில் கிளிமூக்குபோல் வளைந்திருந்தது. கில்பர்ட்டின் மூக்கும் அப்படித்தான்.

“இன்னாங்க, துணியப் பாத்துக்கினு இப்படி நிக்கிறீங்க?” என்று கேட்டாள் அவர் மனைவி அன்னாமேரி.

“மூக்கப் பாரு.”

“யாரு மூக்க?”

“எங்க தாத்தனோட தாத்தன் மூக்க. கவர்னர் பொண்டாட்டிக்குப் பக்கத்துல நிக்கிறாரு பாரு.”

அன்னாமேரி பார்த்தாள். கில்பர்ட்டையும் ஒரு தடவை பார்த்தாள். “மூக்கு சரிதான். மூளை அவருக்காவது இருந்துச்சா?” என்றாள்.

ஒரு மாதத்துக்குள் வீட்டு ஜன்னல் எல்லாவற்றிலும் அந்தத் துணி ஏறியது. சோபா உறை, தலையணை உறை, டிவிக்கு மேல் போர்த்தும் துண்டு வரை அதே சீமாட்டி, அதே குடை. மூதாதையின் தலை எந்த மடிப்பிலும் வெட்டுப்படக் கூடாது என்று கில்பர்ட் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கூடுதலாகத் துணி எடுத்தார். சீமாட்டி பல இடங்களில் இரண்டாக வெட்டுப்பட்டாள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

“ஒரு தாத்தா இருந்தா ஃபிரேம் போட்டு மாட்டலாம். ஜன்னலுக்கு ஆறு தாத்தா தொங்கறாங்க. காலையில எழுந்து எந்தத் தாத்தாவுக்கு நான் கும்புடு போடறது?” என்று அன்னாமேரி தெருவிலேயே சொல்லிச் சிரித்தாள்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. கில்பர்ட்டுக்கு வேறொரு ஆசை இருந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் நற்கருணைப் பவனி போகும்போது, நற்கருணை அப்பத்தை ஏந்தி வரும் சாமியாருக்கு மேலே சரிகை வைத்த வெல்வெட் குடை பிடிப்பது பெரிய மரியாதை. அந்தக் குடை நெடுங்காலமாக அமல்தாஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. அமல்தாஸின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போனவர். அப்படிப்பட்டவர்களின் வீட்டை ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பாஸ்போர்ட், பட்டாசு இல்லாமலே சத்தமாகப் பேசும் வழக்கம் எல்லாம் அந்த வீட்டுக்கு உண்டு. இந்த வருடம் அமல்தாஸ் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் பிரான்சில். ஆகவே குடை காலியாக இருந்தது.

கில்பர்ட் வீடு மந்திரிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் பாக்யராஜை அழைத்தார். ஏற்கெனவே மந்திரித்த வீடுதான். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, டீயைக் கையில் வாங்கியபோது கில்பர்ட் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“சாமி, அந்தக் குடை புடிச்சிருக்கறது யாருன்னு நெனைக்கிறீங்க?”

“யாருப்பா?”

“என் மூக்கப் பாத்துட்டு அவரு மூக்கப் பாருங்க சாமி.”

சாமியார் எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார். பிறகு தான் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று புரிந்து சற்றுத் தள்ளி நின்றார்.

“குடைங்கறது எங்க குடும்பத்துக் கையில வந்த ஒண்ணு சாமி. இந்த வருசம் பவனிக்கு...”

“கமிட்டில கேட்டுச் சொல்றேன்பா,” என்றார் சாமியார். புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் ஊரைப் பற்றி அவர் கற்றது அந்த டீயோடு தொடங்கியது.

செய்தி சொல்தா வீட்டுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அமல்தாஸ் தன் நாற்காலியைத் தள்ளச் சொல்லி நேரே கில்பர்ட் வீட்டுக்கு வந்தார். வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. நானும் இருந்தேன்.

“உங்க தாத்தாவப் பாக்க வந்தன்டா கில்பர்ட்டு.”

“வாங்க மாமா. இதோ, இவருதான்.”

அமல்தாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கர்ட்டனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கில்பர்ட் எதிர்பார்த்தது மறுப்பு. கிடைத்தது அது அல்ல.

“உங்க தாத்தாதான்டா. சந்தேகமே இல்ல. மூக்கு அப்படியே இருக்குது. குடை புடிச்சது உங்க தாத்தா. நெழல்ல உக்காந்திருக்கறது எங்க ஆயா.”

தெரு சிரித்தது.

“அந்தம்மா எப்படி மாமா உங்க ஆயாவாவும்?” என்றார் கில்பர்ட்.

“எங்க வூட்ல பிரான்சு பாஸ்போர்ட்டு இருக்குது. உங்க வூட்ல இருக்குதா? அந்தம்மா எந்தக் குடும்பம்னு அப்புறம் இன்னா கேள்வி? ஆமா, அந்தக் கடைசி ஜன்னல்ல எங்க ஆயாவ இடுப்போட வெட்டி வச்சிருக்கியே, இன்னா தைரியம்டா உனக்கு? உங்க தாத்தா தலைய மட்டும் பத்திரமா வச்சிருக்க.”

வெட்டியது உண்மைதான். கத்திரி கில்பர்ட்டுடையது.

அமல்தாஸ் அதோடு விடவில்லை. கமிட்டி கூடியபோது தானே எழுந்து (எழுந்து என்றால் குரலால் எழுந்து) கில்பர்ட்டுக்கே குடையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். “எங்க வூட்டுக்குக் குடை புடிச்சே பழக்கப்பட்ட குடும்பம் சாமி. நல்லா புடிப்பாங்க,” என்றார். சாமியாருக்கு ஒரு தலைவலி தீர்ந்தது. குடை கில்பர்ட்டுக்கு என்று அறிவித்துவிட்டார்.

கேட்டது கிடைத்துவிட்டது. இனி குடையைத் தொட்டால் சொல்தா வீட்டு வேலைக்காரர் வம்சம் என்று ஊர் சொல்லும். தொடாவிட்டால் மூதாதையைக் கைவிட்டதாக ஆகும். டீக்கடையில் உட்கார்ந்தால், “கில்பர்ட்டண்ணே, வெயிலடிக்குது, கொஞ்சம் குடை புடிங்களேன்,” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதற்கிடையே கமிட்டியின் கதையைக் கேட்டவர்கள் எல்லாம் அந்தத் துணியைப் பார்க்கக் கடைக்கு வந்தார்கள். பார்த்தவர்கள் வாங்கினார்கள். கில்பர்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே மீட்டர் மீட்டராக வெட்டிக் கொடுத்தார். தன் மூதாதையைத் தானே வெட்டி விற்ற ஒரே வாரிசு அவராகத்தான் இருப்பார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மனிதர் வேலைக்காரராக இல்லாமல் கவர்னருக்கு மொழிபெயர்த்த துபாஷாகவோ திவானாகவோ இருந்து, ஒரு மரியாதைக்காகக் குடையை வாங்கிப் பிடித்திருக்கலாம் அல்லவா? வரைந்தவருக்குத் தெரிந்திருக்கும். டவுனுக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று புறப்பட்டார். தனியாகப் போனால், கேட்டதைத் தானே மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற நியாயமான பயத்தில் என்னையும் அழைத்துப் போனார்.

துணியை வரைந்தது இளவரசி என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்து காட்டினாள்.

“இந்தத் தலைப்பா கட்டினவரு யாரும்மா?” என்றார் கில்பர்ட். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“யாருமில்ல சார்.”

“பழைய படத்துலேந்து எடுத்திருப்பீங்கல்ல?”

“கப்பல் மட்டும்தான் சார் பழசு. மொதல்ல அந்தம்மாவ மட்டும்தான் போட்டேன். துணி ஓட ஓட, தென்னைக்கும் கப்பலுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு பட்டை விழுந்துச்சு. தூரத்துலேந்து பாத்தா கோடு போட்ட மாதிரி தெரியும். உங்களுக்கே தெரியும்ல, நீங்க கர்ட்டன் தைக்கிறவரு. அத அடைக்க ஒரு குடை போட்டேன். குடை அந்தரத்துல நிக்காதுல்ல, அதனால ஒரு ஆளு.”

கில்பர்ட்டுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக் குறை சொன்னவர் அவர்.

“அந்த மூக்கும்மா?”

இளவரசி சிரித்தாள். “அது எங்க சித்தப்பா மூக்கு சார். பாகூர்ல மளிகைக் கடை வச்சிருக்காரு. போட்டோவப் பாத்து வரைஞ்சேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவாரு.”

“அந்தச் சீமாட்டி?” என்று நான் கேட்டேன்.

“எங்க அத்தை வூட்டு ஷோகேஸ்ல இருக்கற பொம்மை சார்.”

ஆக, சொல்தா வீட்டு ஆயா ஒரு ஷோகேஸ் பொம்மை. கில்பர்ட்டின் மூதாதை ஒரு இடைவெளியை அடைக்க வந்த குடைக்கு முட்டுக்கொடுக்க வந்தவர். இனி ஊருக்குப் போய் இதைச் சொன்னால் அமல்தாஸின் வாய் அடைபடும். கூடவே கில்பர்ட்டின் மூதாதையும் போவார். பஸ்ஸில் வரும்போது, விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கில்பர்ட் வில்லியனூர் தாண்டும்வரை தன் மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு திரும்பி என்னைக் கேட்டார்:

“அந்தச் சித்தப்பாவுக்கு அந்த மூக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

“அவங்க அப்பாகிட்டேர்ந்து.”

“அவருக்கு?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்த மனிதரைச் சான்றுகளால் தோற்கடிக்க முடியாது என்று அப்போது விளங்கியது.

மறுநாள் பாகூர் போனோம். கடைக்காரர் தமிழ்க்குமரன் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கில்பர்ட்டைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நெற்றியில் திருநீறு, அதற்குக் கீழே துணியில் பார்த்த அதே மூக்கு. கில்பர்ட் எதிரில் போய் நின்றார். கல்லாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிளிமூக்குகள். பருப்பு வாங்க வந்த ஒரு பெண்மணி மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னாபா தமிழு, உன் அண்ணனா? சொல்லவே இல்ல,” என்றாள்.

கில்பர்ட்டுக்கு அதற்கு மேல் எந்த ஆதாரமும் வேண்டியிருக்கவில்லை. துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உறவைப் பற்றி மட்டும் பேசினார். தமிழ்க்குமரனுக்கும் தாத்தாவுக்கு மேல் யாரையும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் இரண்டு குடும்பமும் சுலபமாகச் சந்தித்துக்கொண்டன. எப்போதோ ஒரு அண்ணன் வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவனாகியிருப்பான், தம்பி சாமி கும்பிட்டுக்கொண்டு இங்கேயே இருந்திருப்பான் என்று கில்பர்ட் சொன்னார். இருக்கலாம் என்றார் தமிழ்க்குமரன். மளிகைக்காரர், வந்த சரக்கைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவர்.

“திருவிழாவுக்குக் குடும்பத்தோட வரணும்.”

“வராம இன்னா? அண்ணன் கூப்புட்டா வர வேண்டியதுதான.”

திருவிழா மாலை தமிழ்க்குமரன் மனைவியோடு ஒரு மூட்டை பொரியும் பூமாலையுமாக வந்து இறங்கினார். கோயில் வாசலில் அமல்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் வணக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வீட்டில் அந்தக் கர்ட்டன் ஏறிவிட்டிருந்த நேரம். தமிழ்க்குமரனைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே ஒதுங்கி வழிவிட்டது. ஜன்னலில் தினம் பார்க்கும் முகம் எதிரில் நடந்து வந்தால் யாரும் வழிவிடத்தான் செய்வார்கள்.

“மாமா, இவரு எங்க பங்காளி. பாகூரு,” என்றார் கில்பர்ட்.

அமல்தாஸ் பதில் வணக்கம் சொல்ல மறந்து அந்த மூக்கையே பார்த்தார். நான் பார்த்ததில் அது முதல் தடவை. ஆனாலும் சொல்தா மகன், சுதாரித்துக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு. எங்க ஆயாவுக்குக் குடை புடிச்ச குடும்பம் ரெண்டாயிடுச்சு.”

தமிழ்க்குமரனுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த ஆயாவுக்கு?” என்றார்.

கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கமாக விளக்கினார்கள். வெள்ளைக்கார அம்மா, நாற்காலி, தென்னை, பின்னால் குடையோடு இவர்களுடைய முன்னோர். தமிழ்க்குமரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அமல்தாஸைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“உங்க ஆயா அந்த வெள்ளைக்காரம்மாவா?”

“ஆமா.”

“உங்களப் பாத்தா எங்க தாத்தா குடைய அவ்வளவு கவனமா புடிக்கலன்னு தெரியுதுங்க. வெயில் பட்டிருக்குது.”

முதலில் சிரித்தது சாமியார். அவர் அங்கி மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். சாமியாரே சிரித்த பிறகு யாருக்குக் கட்டுப்பாடு? அமல்தாஸின் நாற்காலியைத் தள்ள வந்தவன்கூடக் கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்தான். அன்னாமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர் ஓரமாகப் போனாள். நான் இளவரசி சொன்னதைச் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கில்பர்ட் என்னை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

பவனி புறப்பட்டது. கில்பர்ட் வெல்வெட் குடையை உயர்த்தினார். பித்தளைப் பிடி, நல்ல கனம். பாட்டுக்கும் மணிச்சத்தத்துக்கும் நடுவே, பின்னால் தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியிலிருந்து அமல்தாஸின் குரல் வழி நெடுக வந்துகொண்டிருந்தது. “சாமி தலைக்கு மேல புடிடா, உன் தலைக்கு மேல இல்ல!” அது உண்மைதான். முதல் தெருவில் குடையின் பாதி கில்பர்ட்டின் மேல்தான் இருந்தது. இரண்டாவது தெருவில் சரிசெய்தார். மூன்றாவது தெருவில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, கூட வந்த தமிழ்க்குமரன், “குடுண்ணே, நானும் கொஞ்சம் புடிக்கிறன்,” என்று கையை நீட்டினார். கில்பர்ட் கொடுக்கவில்லை. இப்போதுதான் கிடைத்த பங்காளி, அதற்குள் பங்கு கேட்கிறான் என்ற பார்வை அவர் முகத்தில் தெரிந்தது.

கோயிலுக்குத் திரும்பி, ஆசீர் முடிந்து, சாமியார் நற்கருணையைப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனார். மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள். கூட்டம் பொரிக்கும் பலூனுக்கும் கலைந்தது. பீடத்துக்கு முன்னால் கில்பர்ட் மட்டும் குடையைப் பிடித்தபடியே நின்றார். கீழே யாருமில்லை. கோயிலைப் பூட்ட வேண்டிய கோயில்பிள்ளை வந்து குடைக்காகக் கையை நீட்டினார். கில்பர்ட் அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்னாமேரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இன்னாங்க, அதான் எல்லாரும் போயிட்டாங்களே. மேல கூரை இருக்குது. எறக்குங்க.”

“இரு,” என்றார் கில்பர்ட்.

அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கோயில்பிள்ளையும் உட்கார்ந்தார்.